நிறுத்தச் சொல்ல ஒருவர்

பெரிய திருவிழா எதுவானாலும் சில நாள் முன்னதாக ஒரு செய்திக்குறிப்பு வரும். சிறப்புப் பேருந்துகள் இத்தனை ஆயிரம், பாதுகாப்புப் பணியில் காவலர்கள் இத்தனை ஆயிரம், கண்காணிப்பு கேமராக்கள், ட்ரோன்கள், தற்காலிகக் கழிப்பறைகள், குடிநீர்த் தொட்டிகள், 108 ஆம்புலன்ஸ்கள். கூடவே ஆலோசனைக் கூட்டத்தின் படமும் இருக்கும். அமைச்சர் நடுவில், ஆட்சியர் ஒரு பக்கம், எஸ்.பி. மறுபக்கம். இந்தச் செய்திகளை விடாமல் படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஒரே ஒரு எண்ணை மட்டும் நான் அவற்றில் பார்த்ததே இல்லை. அந்தக் கோயிலிலும் அதைச் சுற்றிய வீதிகளிலும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பத்திரமாக நிற்க முடியும்? சினிமா தியேட்டருக்கு அந்த எண் உண்டு. லிஃப்டின் கதவுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். லட்சக்கணக்கானோர் கூடும் ஒரு ஊருக்கு மட்டும் இல்லை.

அசம்பாவிதம் நடந்த பிறகு வரும் அறிக்கையில் “எதிர்பார்த்ததைவிட அதிகக் கூட்டம்” என்ற வரி தவறாமல் இருக்கும். எனக்கு உறுத்துவது இதுதான். ஒரு புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதைச் சில நாள் முன்பு வரை யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். மகாமகம் என்றைக்கு வரும் என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடலாம். கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் சிலை 1979க்குப் பிறகு 2019இல்தான் வெளியே வரும் என்பது காஞ்சிபுரத்துக் குழந்தைக்கும் தெரியும். நாற்பது ஆண்டு முன்னறிவிப்பு. அந்த 48 நாட்களில் ஒரு கோடிப் பேர் வந்துபோனதாகச் சொன்னார்கள். ஜூலை 18ஆம் தேதி நெரிசலில் சிக்கி 4 பேர் இறந்தார்கள். இவ்வளவு முன்கூட்டியே தேதியும் இடமும் நேரமும் தெரிந்த ஆபத்து நம் நிர்வாகத்துக்கு வேறொன்று இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். தேர்தல்கூட இவ்வளவு முன்னால் தெரிவதில்லை.

சபரிமலையை எடுத்துக்கொள்வோம். 1999 ஜனவரி 14, மகர ஜோதி நாள், பம்பையில் 53 பேர் இறந்தார்கள். நீதிபதி தலைமையில் விசாரணை நடந்தது, அறிக்கையும் வந்தது. 2011 ஜனவரி 14, அதே மகர ஜோதி, இந்த முறை புல்மேடு. ஜோதி தெரிந்ததும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் இருட்டில், காட்டுப் பாதையில் திரும்பினார்கள். 102 பேர். தமிழ்நாட்டிலிருந்து மாலை போட்டுப் போனவர்கள் அதில் நிறைய. ஒரே நாள், ஒரே ஜோதி, இடம் மட்டும் வேறு. இதில் எதிர்பாராதது எது?

பின்னால் நிற்பவருக்கு என்ன தெரியும்

நெரிசல் செய்தி வந்ததும் நாம் எல்லோரும் சொல்லும் ஒன்று உண்டு: “ஜனங்களுக்குப் பொறுமையே இல்லை, முண்டியடிக்கிறார்கள்.” எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. அது பெரும்பாலும் பொய் என்பதற்குக் கூட்டத்தை ஆராய்ந்தவர்கள் பல பத்தாண்டுகளாகச் சான்று கொடுத்துவருகிறார்கள். ஜான் ஃபுருயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதியதன் சாரம் இது: ஒரு சதுர மீட்டரில் ஏழு பேருக்குமேல் நெருக்கினால் அங்கே தனி மனிதர்கள் என்று யாரும் இல்லை, கூட்டம் ஒரு திரவம்போல அசையத் தொடங்கிவிடுகிறது. அலை ஒன்று எழுந்தால் அது நம்மைத் தூக்கிப் பல அடி தள்ளிக் கொண்டுபோய் வைக்கும். இறப்பவர்களில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்றபடியே, நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு நின்று இறக்கிறார்கள். இரும்புத் தடுப்புகள் வளைந்துபோகும் அளவுக்கு அழுத்தம் சேர்கிறது. இதை எந்த ஒரு மனிதனின் கையும் தள்ளி உண்டாக்குவதில்லை. பின்னால் இருப்பவர் ஒரு அடிதான் முன்னே வைக்கிறார். முன்னால் கேட் சாத்தியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆயிரம் பேரின் அந்த ஒரு அடி முன்வரிசையில் போய்ச் சேரும்போது உயிர் போகிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே உடம்பால் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அம்மாவோடு ஒரு கோயிலுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், எந்த ஊராக வைத்துக்கொண்டாலும் பொருந்தும். விசேஷ நாள், இரவு. சவுக்குக் கட்டை கட்டிய தர்ம தரிசன வரிசை. பக்கத்திலேயே சிறப்பு தரிசனத்துக்கு ஒரு வரிசை, அதற்கும் பக்கத்தில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தெருவின் அகலம் என்னவோ மாறவில்லை; காசுக்கும் பாஸுக்கும் ஒதுக்கிய அகலமெல்லாம் எங்கள் வரிசையிலிருந்து எடுத்ததுதான். ஒரு திருப்பத்தில் வரிசை நின்றது. வெகுநேரம் நகரவில்லை. யாரோ முக்கியஸ்தர் வந்திருக்கிறார், உள்ளே கேட்டைச் சாத்திவிட்டார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒலிபெருக்கி வேலைசெய்துகொண்டுதான் இருந்தது. காணாமல்போன குழந்தையின் பெயரையும் பக்திப் பாடலையும் மாறி மாறிப் போட்டார்கள். “கேட் மூடியிருக்கிறது, பின்னால் வருபவர்கள் அங்கேயே நில்லுங்கள்” என்ற ஒரு வரி வரவில்லை. பின்னாலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் அம்மாவின் கால் தரையில் படவில்லை. “டேய், என்னை யாரோ தூக்கறாங்கடா” என்றாள். யாரும் தூக்கவில்லை. முன்னால் நின்ற ஒருவர் கட்டையின் மேலே ஏறி, கட்டியிருந்த கயிற்றை அறுத்து, இரண்டு கட்டையைப் பெயர்த்தெறிந்தார். காலியாகக் கிடந்த பாஸ் வரிசைக்குள் நாங்கள் நாற்பது ஐம்பது பேர் சரிந்தோம். ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து அந்த மனிதரைத்தான் திட்டினார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா அன்றைக்கு சாமியையும் பார்த்துவிட்டாள். செய்தியில் “லட்சக்கணக்கான பக்தர்கள் அமைதியாகத் தரிசனம்” என்று வந்தது. ஒன்றும் ஆகாத இரவுகள் எங்கேயும் பதிவாவதில்லை என்பது எனக்கு அன்றிலிருந்து உறைத்துக்கொண்டே இருக்கிறது. விமானத் துறையில் இரண்டு விமானங்கள் மோதாமல் அருகே கடந்துபோனால்கூட அதை எழுதிவைத்து விசாரிக்கிறார்கள். நம்மிடம் கணக்கு பிணத்திலிருந்துதான் தொடங்குகிறது.

கேட்டும் பஸ்ஸும்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். பணிக்காலத்தில் பாதி நாள் திருவிழா பந்தோபஸ்துதான் என்பார். கரூரில் 2025 செப்டம்பரில் நெரிசலில் 41 பேர் இறந்த மறுநாள் காலை, தெருமுனையில் எல்லோரும் கட்சி பிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் பேசாமல் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அரசியல் கூட்டம், கோயில் விஷயம் வேறு என்று நான் ஏதோ சொல்லப்போக, “நெஞ்சு அமுங்கினா கட்சிக்காரனுக்கும் பக்தனுக்கும் ஒண்ணுதான் தம்பி” என்றார். பிறகு அம்மாவுக்கு நேர்ந்ததைச் சொன்னேன். கேட்டை மூடியவரைக் கேட்க வேண்டும் என்றேன்.

அவர் சிரித்தார். “கேட்டை மூடறது தப்பில்லை சார்” என்றார். கோபம் வந்தால் ‘தம்பி’ ‘சார்’ ஆகிவிடும். “உள்ள கூட்டம் ஜாஸ்தியானா மூடித்தான் ஆகணும். நான் எத்தனையோ தடவை மூடியிருக்கேன். என் கையில கேட் இருந்துச்சு. பஸ் இல்லை. நான் இங்க மூடறேன், அதே நேரம் பஸ் ஸ்டாண்டுல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வண்டி வந்து ஆளை இறக்கிட்டே இருக்கு. டிப்போ மேனேஜர்கிட்ட நான் நிறுத்துய்யான்னு சொல்ல முடியுமா? மைக்ல டி.எஸ்.பி.கிட்ட சொல்லுவேன், அவர் எஸ்.பி.கிட்ட சொல்லுவார். எஸ்.பி. அப்போ மந்திரி கூட இருப்பார். மந்திரிகிட்ட போய், ஐயா, ஜனத்தைத் திருப்பி அனுப்பணும்னு யார் சொல்றது? பந்தோபஸ்து ஸ்கீம்ல எந்த முனையில எத்தனை கான்ஸ்டபிள்னு பக்கம் பக்கமா இருக்கும். எப்போ நிறுத்தணும், நிறுத்தச் சொல்றது யாருன்னு ஒரு வரி இருக்காது.”

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து எழுதிவைத்தேன். அதுவரை நான் பாதுகாப்பு என்றால் ஏற்பாடு என்றே புரிந்துவைத்திருந்தேன்: இன்னும் கொஞ்சம் காவலர், இன்னும் கொஞ்சம் கேமரா. அந்த எண்களெல்லாம் கூட்டத்தை வரவேற்கும் எண்கள். வரவை நிறுத்தும் எண் அவற்றில் ஒன்றுகூட இல்லை என்பது அவர் சொன்ன பிறகே கண்ணில் பட்டது. ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது அரசின் ஒரு கை. பேருந்து விடுவது, விளம்பரம் செய்வது, விடுமுறை விடுவது எல்லாம் அந்தக் கை. தடுப்பதற்கு இன்னொரு கை. இரண்டுக்கும் நடுவில் பேச்சே இல்லை. புது டெல்லி ரயில் நிலையத்தில் 2025 பிப்ரவரி 15 இரவு கும்பமேளாவுக்குக் கிளம்பிய 18 பேர் செத்தது கங்கைக் கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி. நடைமேடை நிரம்பி வழிந்தபோதும் கவுண்டரில் முன்பதிவில்லாச் சீட்டு விற்பனை நடந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டியில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று நிர்ணயிக்கச் சொல்லும் 57ஆவது பிரிவு ரயில்வே சட்டத்தில் இருக்கிறதே, அதை ஏன் செயல்படுத்தவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் பிறகு கேட்டது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் அது.

பொறுப்பு யாருடையது என்பதில் சட்டக் குழப்பம் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். கோயில் நிர்வாகமா, அறநிலையத் துறையா, காவல்துறையா, நகராட்சியா என்று. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை ஒருமுறை புரட்டினால் போதும். மாநிலப் பட்டியலில் பொது ஒழுங்கு 1, காவல் 2, பொதுச் சுகாதாரம் 6. அடுத்தது 7: இந்தியாவுக்கு வெளியே செல்பவை தவிர்த்த புனித யாத்திரைகள். யாத்திரை என்ற ஒன்றைத் தனியாகவே எழுதி மாநிலத்தின் கையில் கொடுத்துவைத்திருக்கிறார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பெருங்கூட்டங்களைக் கையாள்வதற்கென்று 2014இலேயே ஒரு முழுக் கையேடு வெளியிட்டது. இடத்தின் கொள்ளளவைக் கணக்கிடுவதில் தொடங்கி எல்லாமே அதில் உண்டு. கையேடு கையேடாகவே இருக்கிறது.

விசாரணை என்ற சடங்கு

நெரிசலுக்குப் பிறகு நடப்பதற்கும் ஒரு ஆகமம் இருக்கிறது. இழப்பீடு, இரங்கல், இடமாற்றம், ஒருநபர் ஆணையம். ஜோத்பூர் சாமுண்டா தேவி கோயிலில் 2008 செப்டம்பர் 30 அன்று 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். ஆணையத்தின் அறிக்கை 2011இல் அரசிடம் போனது. ஆண்டுக்கணக்கில் அது சட்டமன்றத்தில் வைக்கப்படவே இல்லை. ராஜமுந்திரியில் 2015 கோதாவரி புஷ்கர நீராட்டு விழாவின் முதல் நாளில் 27 பேர் இறந்தார்கள். அன்று காலை முதல்வர் அதே படித்துறையில்தான் நீராடினார். அங்கே அமைத்த ஆணையமோ, குறிப்பிட்ட முகூர்த்தத்தில்தான் முழுக வேண்டும் என்ற மக்களின் நம்பிக்கையையும் ஊடகங்கள் செய்த விளம்பரத்தையும் குறைசொன்னது. முகூர்த்தத்தை ஊர் ஊராகச் சொல்லி அழைத்ததில் அரசுக்குப் பங்கே இல்லையா என்ன?

இதோடு ஒப்பிட இஸ்ரேலின் மெரோன் மலையை நினைத்துக்கொள்வேன். 2021 ஏப்ரல் 30 அன்று யூத யாத்திரிகர்கள் 45 பேர் ஒரு சரிவான குறுகிய வழியில் நசுங்கி இறந்தார்கள். விசாரணை ஆணையம் 2024 மார்ச்சில் அறிக்கை தந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்பதை அறிந்திருக்க வேண்டியவர் என்று பிரதமர் நெதன்யாகுவையே பெயர் சொல்லிப் பொறுப்பாக்கியது. அவர் அப்போதும் பதவியில் இருந்தார். பதவி ஒன்றும் போகவில்லை, உண்மைதான். ஆனால் எழுத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. நம் அறிக்கைகளைத் தேடிப் பிடித்துப் படித்தால் கீழ்நிலை அதிகாரியின் பெயர் கிடைக்கும், இல்லையென்றால் ‘பக்தர்கள்’ என்ற பெயர் கிடைக்கும்.

முடியாது என்று சொன்ன இடங்கள்

பக்தர்களைத் தடுத்தால் மக்கள் கொதிப்பார்கள், எந்த அரசு துணியும் என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பயம் கூடுதல்; கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் கோயிலுக்குப் பூட்டு போடுகிறார்கள் என்று பேச ஒரு கூட்டம் தயாராக இருக்கும். ஆனாலும் நடந்திருக்கிறது. 2024 கார்த்திகை தீபத்துக்கு முன்பு திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடுகள் புதைந்து 7 பேர் இறந்தார்கள். நிலவியல் வல்லுநர்கள் பார்த்துவிட்டுச் சொன்னதன்பேரில் அந்த ஆண்டு பக்தர்கள் யாரும் மலையேறக் கூடாது என்று அரசு அறிவித்தது. முணுமுணுப்பு இருந்தது, வழக்கம்போல அறிக்கைப் போரும் இருந்தது. தீபம் ஏறியது, ஜனங்கள் கீழேயிருந்து கும்பிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் மலையேற 2,500 பேர் என்ற வரம்பு இருந்தது. ஆக, மலைக்கு ஒரு எண் உண்டு. மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டருக்கும் மாட வீதிகளுக்கும்தான் கிடையாது.

சபரிமலையும் புல்மேட்டுக்குப் பிறகு மாறியது. இணையத்தில் நேரம் குறித்துப் போகும் முறை 2011இல் வந்தது. 2024 மண்டல காலத்தில் ஒரு நாளைக்கு இணையத்தில் 70,000 பேர், நேரில் பதிய 10,000 பேர் என்று வரையறுத்தார்கள். ஹஜ்ஜுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் 10 லட்சம் முஸ்லிம்களுக்கு 1,000 பேர் என்ற கணக்கு 1980களிலிருந்தே இருக்கிறது. வாழ்நாள் கடமையாகவே இருந்தாலும், உன் முறை வரும்வரை காத்திரு என்று சொல்லும்போது காத்திருக்கிறார்கள். எண் வைத்துவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. 2006இல் மெக்காவுக்கு அருகே மினாவில், ஹஜ் சடங்காகக் கல்லெறியும் பாலத்தருகே 300க்கு மேற்பட்டோர் இறந்த பின் சவுதி அரசு பாலத்தையே இடித்துப் பல அடுக்காகக் கட்டியது. 2015இல் நெரிசல் நடந்தது பாலத்தில் அல்ல, அதற்குப் போகும் தெருக்கள் சந்திக்கும் இடத்தில். அரசுக் கணக்கிலேயே 769 பேர். திருப்பதியும் அப்படித்தான். டோக்கன் முறை வந்ததால் கோயில் வாசலில் நெரிசல் குறைந்தது. 2025 ஜனவரி 8 இரவு வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காக நின்ற இடத்தில் 6 பேர் இறந்தார்கள். உடல்நிலை சரியில்லாத ஒரு பெண்ணை வெளியே விடக் கேட்டைத் திறந்தபோது, டோக்கன் கொடுக்கத்தான் திறக்கிறார்கள் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எங்கே ஒரு சின்ன வாசலும் பெரிய ஆசையும் சந்திக்கின்றனவோ அந்த இடத்தைத்தான் எண்ண வேண்டும். அது கோயிலுக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம்.

இதையெல்லாம் அம்மாவிடம் ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தேன். “சாமி பார்க்க எனக்கு எதுக்குடா டோக்கன்?” என்றாள். ஃபோனில் பதியத் தெரிந்தவனுக்கு முதலிடம், எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து மஞ்சள் சேலை கட்டி நடந்தே வருகிறவளுக்குக் கடைசி இடமா என்பது அவள் கேள்வி. என்னால் அதைத் தள்ளிவிட முடியவில்லை. வரம்பு என்று ஒன்று வந்தால், பாஸ் வைத்திருப்பவர் அந்த வரம்புக்கு வெளியே நிற்பார் என்பது நம் அனுபவம். பிரயாகை கும்பமேளாவில் 2025 ஜனவரி 29 நெரிசலில் அரசு சொன்ன கணக்குப்படியே 30 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் வி.வி.ஐ.பி. பாஸ்களை ரத்து செய்தார்கள். ரத்து செய்ய முடிந்தது அல்லவா, அதை முதல் நாளே செய்திருந்தால் என்ன? முதலில் பாஸுக்கான அந்த மூன்றாவது வரிசையை எடுத்துவிட்டு அம்மாவிடம் வந்து டோக்கன் கேட்டால் அவள் கொடுப்பாள் என்றே நினைக்கிறேன். அதுவரை அவளிடம் கேட்க எனக்கு வாயில்லை.

அடுத்த மாசி மகம்

2028 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம். 1992 பிப்ரவரி 18 அன்று அந்தக் குளக்கரையில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். முதல்வர் அன்றைக்கு அங்கே நீராட வந்திருந்தார். 2016இல் பெரிய விபத்து இல்லாமல் முடிந்தது. அதற்கு முக்கியக் காரணம், பிப்ரவரி 13 முதல் 22 வரையிலான பத்து நாட்களில் எந்த நாளில் வேண்டுமானாலும் வந்து நீராடலாம் என்று சொல்லிச் சொல்லிக் கூட்டத்தைப் பிரித்தது என்பேன். நல்ல யோசனை, பாராட்ட வேண்டியது. ஆனாலும் அது வேண்டுகோள்தானே தவிர வரம்பு அல்ல. குளம் சுமார் 6 ஏக்கர். சதுர மீட்டருக்கு 4 பேர் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் தேறாது. இருபது தீர்த்தக் கிணறுகளையும் சுற்றி நடக்க இடம் விட்டால் அதில் பாதிகூட வராது. இது நான் காகிதத்தில் போட்ட கணக்கு. அரசிடம் பொறியாளர்கள் இருக்கிறார்கள், இதைவிட நன்றாகவே போடுவார்கள். போட்டு வெளியே சொல்லட்டும். குளம் நிரம்பினால் எந்தத் தெரு மூடும், தெரு நிரம்பினால் தஞ்சாவூர்ப் பேருந்து எங்கே நிற்கும், மயிலாடுதுறை ரயிலை எந்த நிலையத்தில் நிறுத்துவார்கள், நிறுத்தச் சொல்லும் ஒற்றை அதிகாரி யார், அவர் சொன்னால் அமைச்சரின் வாகனமும் நிற்குமா.

அம்மா போவதென்று முடிவுசெய்துவிட்டாள். பத்து நாளில் ஏதாவது ஒரு நாள் போகலாமே என்றேன். மக நட்சத்திரம் இருக்கும்போது முழுகினால்தான் முழுக்கு என்கிறாள். கும்பகோணத்தில் இப்போதே ரூம் சொல்லிவைக்க முடியுமா என்று நேற்றும் கேட்டாள்.